மங்குக்குப் போட்ட மருந்து

அமிர்தத்தோட மூஞ்சி செவந்து கெடந்த கதைய ஆளாளுக்கு ஒரு மாதிரி சொல்லிக்கினு திரியறாங்க. கரும்பு வெட்டப் போன எடத்துல பூச்சி கடிச்சிடுச்சின்றா ஒருத்தி. ஆத்தாவுக்குக் கூழு ஊத்தாம வுட்டா, அதான் கோவத்துல வந்து எறங்கிட்டான்றா இன்னொருத்தி. புருஷனுக்குத் தெரியாம குடிக்கிறா, குடிக்கிறவ மூஞ்சி அப்பிடித்தான் கீதுன்னு கொழாயடியில சொன்னவள நாக்கப் புடுங்கிக்கிற மாதிரி நாலு கேட்டுட்டுத்தான் வுட்டேன். எனக்கு வாய் ஜாஸ்திதான், இருந்துட்டுப் போவட்டும். கூட இருந்து பாத்தவ நான். எங்க ஊருப் பள்ளிக்கூடத்துச் சத்துணவுல அவ சமையக்காரம்மா, நான் ஒத்தாசைக்கு இருக்கற ஆளு. பதினோரு வருஷமா ஒரே அடுப்படியில ரெண்டு பேரும் வேகறோம். வூடும் பக்கத்து வூடு. அவ வூட்ல கருவாடு வறுத்தா எங்க வூட்ல தும்மல் வரும்.

ஆரம்பத்துல அது செவப்பே இல்ல, மங்கு. ரெண்டு கன்னத்துலயும் கருப்பா பட்ட பட்டையா வுழுந்திருந்திச்சி. அடுப்பு வெக்கையில வருதோ வயசுல வருதோ, எங்க பக்கத்துல நாப்பது தாண்டுன பொம்பளைங்கள்ல பாதிப்பேருக்கு இருக்குது. அவ புருஷன் கந்தசாமி மூங்கில்துறைப்பட்டு ஆலைக்குக் கரும்பு டிராக்டர் ஓட்றவரு. அந்தாளு ஒண்ணும் சொல்லல. இவளுக்குத்தான் மனசு ஆறல. சங்கராபுரத்துல மருந்துக்கடையில வேலை பாக்கற தம்பி சிவசங்கர் கிட்ட போயி, "இன்னாடா சங்கரு, இதுக்கு ஒண்ணும் இல்லியா?"ன்னு கேட்டா.

சிவசங்கர் அவளுக்குத் தம்பி இல்ல, புள்ள. அவன் ரெண்டு வயசா இருக்கச்சே அம்மா செத்துப்போச்சி. பன்னெண்டு வயசுப் பொண்ணு அவன இடுப்புல வெச்சிக்கினு கரும்புக் காட்டுக்குப் போவா. தோகை கீறாம இருக்க அவன் கால சாக்குல சுத்தி வெச்சிருப்பா. மருந்துப் படிப்பு படிக்க வெச்சதும் அவதான். அதனால அவன் சொன்னா இவளுக்கு மறுபேச்சு கெடையாது.

அவன் ஒரு சின்ன டப்பா கொண்டாந்து குடுத்தான். பச்சையா, களிம்பு மாதிரி, மூடியத் தொறந்தா கற்பூர வாசனை தூக்கும்.

"மலை மருந்துக்கா. வெள்ளிமலைக்கு அந்தாண்ட கரியராமன்னு ஒரு வைத்தியரு. பச்சிலை அரைச்சிச் செய்யறாரு. இங்கிலீஷ் மருந்து கெடையாது, பயப்படாத."

அப்பிடிச் சொல்லலன்னா இவ வாங்கியிருக்க மாட்டா. ஒருவாட்டி ஏதோ மாத்திரை போட்டு ஒதடு ரெண்டும் வடை மாதிரி வீங்கிப்போச்சி, அன்னியிலருந்து இங்கிலீஷ் மருந்துன்னாலே அவளுக்கு ஒதறல் எடுக்கும். மலையிலருந்து வந்ததுன்னா எங்க சனங்க கண்ண மூடிக்கினு முழுங்கும். மஞ்சக்காமாலைக்கு மலையேறிப் போயி உசுரோட திரும்பி வந்தவங்க தெருவுக்கு ரெண்டு பேரு இருக்காங்க.

இருபதே நாளு. மங்கு இருந்த எடம் தெரியல. மூஞ்சி பளபளன்னு ஆயிப்போச்சி. கந்தசாமி கூட, "இன்னாடி, என்னை வுட்டுட்டு வேற மாப்ள பாக்கப் போறியா?"ன்னு கேட்டாரு. எனக்கும் ரவ பொறாமைதான், இல்லன்னு சொல்ல மாட்டேன். ஒரு டப்பா எனக்கும் கேட்டேன். மலையில மருந்து கம்மியாத்தான் கெடைக்குதுன்னு சிவசங்கர் கைய விரிச்சிட்டான்.

அப்பறம் ஆறேழு மாசத்துல ஆரம்பிச்சிது. அடுப்பாண்ட நின்னா கன்னம் ரெண்டும் ரத்தமா செவந்துக்கும். தோலு வெங்காயச் சருகு மாதிரி ஆயி உள்ள ஓடற நரம்பு தெரியும். ரெண்டு நாளு மருந்து போடாம வுட்டா மொளகா அரைச்சிப் பூசினாப்ல எரியும். மறுபடி போட்டா அடங்கிடும். "பாத்தியாக்கா, மருந்து போட்டா நிக்குது, வுட்டா வருது. மருந்து நல்லாத்தான் வேலை செய்யுது"ம்பா.

காசு செலவில்லாத வைத்தியம் ஒண்ணு பாக்கி இல்ல. சோத்துக்கத்தாழை தேச்சா. மோர்ல நனைச்ச துணி போட்டா. பச்சப்பயத்த மாவு, நுங்குத் தண்ணி, வெள்ளரிக்கா. அழகு நிலையத்துல ஒரு தடவ மூஞ்சிக்குப் பண்ண எவ்ளோன்னு கேட்டுட்டு வாசல்லருந்தே திரும்பி வந்தோம். வெயிலு ஏற ஏற மோசமாச்சி. பங்குனி பொறக்கறப்போ மூக்கு, கன்னம், தாடை எல்லாம் ஒரே செவப்பு, நடுவுல பொரிப்பொரியா கட்டி. முந்தானையால மூஞ்சிய மூடிக்கினுதான் சாம்பாரு கிண்டுவா.

ஒரு வியாழக்கெழம. தக்காளி சாதமும் முட்டையும். சாதத்த எறக்கி வெச்சிட்டு நான் முட்டைய உரிச்சிக்கினு இருக்கேன், பெரிய டீச்சரு சமையக்கட்டு வாசல்ல வந்து நின்னாங்க. உள்ள வரல.

"அமிர்தம், பதினாலு புள்ளைங்க இன்னிக்கி வூட்லருந்து டப்பா கட்டிக்கினு வந்திருக்கு. கவனிச்சியா?"

"கவனிச்சேன் டீச்சர்."

"அவங்க அப்பா அம்மா மனு எழுதிக் குடுத்திருக்காங்க. உன் மூஞ்சியில இருக்கறது ஒட்டுவாரொட்டின்னு. குஷ்டம்னு கூட ஒருத்தர் எழுதியிருக்காரு. நான் நம்பல. ஆனா மேல அனுப்பிட்டாங்கன்னா என் கையில ஒண்ணும் இல்ல. திங்கக்கெழம டாக்டர் கிட்ட எழுதி வாங்கிக்கினு வா, இது யாருக்கும் ஒட்டாதுன்னு. அதுவரைக்கும் நீ அடுப்பாண்ட நிக்க வேணாம்."

அமிர்தம் கரண்டிய சட்டி மேல வெச்சா. அவ சமைச்சதத் துன்னு வளந்த புள்ளைங்க இன்னிக்கி காலேஜுக்குப் போவுது. ஒரு நாளு ஒரு புள்ளைக்கு வயித்து வலின்னு வந்ததில்ல. "யக்கா, குஷ்டமாம்க்கா"ன்னு ஒரு வார்த்தைதான் சொன்னா. அந்த முட்டை மசாலாவ நான்தான் கிண்டி எறக்கினேன், உப்பு போட மறந்துட்டேன்.

சாயந்தரமே தம்பிக்குப் போன் போட்டா. நான் பக்கத்துல குந்திக்கினு இருந்தேன், ஸ்பீக்கர்ல போடச் சொன்னேன்.

"சங்கரு, இந்த மாதிரி ஆயிப்போச்சிடா. நாளைக்கிப் பெரியாஸ்பத்திரிக்குப் போலாமா?"

"பெரியாஸ்பத்திரியா? எதுக்குக்கா? பத்து தடவ அலைய வுடுவாங்க. மூஞ்சியில சதைய வெட்டியெடுத்து டெஸ்ட்டுக்கு அனுப்புவாங்க. நான் தெரிஞ்ச டாக்டர் கிட்ட எழுதி வாங்கித் தரேன்."

"எப்போடா?"

"பாக்கறேன்க்கா. ரெண்டு வாரம் ஆவும்."

"திங்கக்கெழம கேக்கறாங்கடா."

"சொல்றேன்ல, பாக்கறேன். மருந்த வுட்டுடாத, அது பாட்டுக்குப் போட்டுக்கினு இரு."

போன வெச்சா. அப்பறம் ஒண்ணு சொன்னா பாருங்க, கேட்டுட்டு எனக்குச் சிரிக்கவா அழவான்னு தெரியல.

"யக்கா, தப்பு என் பேர்லதான். மலை வைத்தியருக்கு நோவுக்காரங்கதான் தன் கையால வெத்தலபாக்கு வெச்சிக் குடுக்கணும். ஒண்ணற வருஷமா தம்பி கையாலயே வாங்கிப் போட்டுக்கினு ஒக்காந்திருக்கேன். மருந்து எப்பிடி நிக்கும்? நாளன்னிக்கி சனிக்கெழம, நேர்ல போயி மன்னிப்பு கேட்டுட்டு வந்துடலாம். நீயும் வா."

அவன் செஞ்ச பாவத்துக்கு இவ தட்டு வெச்சி மன்னிப்பு கேக்கக் கெளம்பறா. அன்னிக்கி அது எனக்குந்தான் தெரியாது. நானும் சரின்னேன்.

கந்தசாமி ஆலைக்குக் கரும்பு ஏத்தறப்போ பழக்கமான வெல்லக் கொட்டாயிலருந்து நாலு உருண்டை வெல்லம் வாங்கியாந்தாரு. வெத்தலபாக்கு, ஒரு கதர் துண்டு, வாழப்பழம். சனிக்கெழம வெடியக்காலம் கெளம்பிட்டோம். கள்ளக்குறிச்சியில எறங்கி மலை பஸ்ஸு புடிச்சி, கச்சிராயபாளையம் தாண்டி, கோமுகி அணைய ஒட்டி மேல ஏறுது. வளைவுக்கு வளைவு எனக்குக் கொமட்டிக்கினு வருது. இவ எலுமிச்சம்பழத்த என் மூக்காண்ட வெச்சிக்கினு, மடியில தட்ட அணைச்சிக்கினு, சாமி பாக்கப் போறவ மாதிரி ஒக்காந்திருக்கா. மேல போனதும் காத்து சில்லுன்னு அடிச்சிது. முந்தானைய எடுத்துட்டு மூஞ்சிய சன்னலுக்குக் குடுத்தா. "இங்கயே இருந்துடலாம் போலருக்குதுக்கா, எரிச்சலே இல்ல"ன்னா.

வெள்ளிமலையில எறங்கி விசாரிச்சிக்கினு ஒரு மணி நேரம் நடந்தோம். கரியராமன்னு கேட்டதும் கை காமிச்சாங்க, நெசமாவே அப்பிடி ஒருத்தரு இருக்காரு. மரவள்ளிக் கொல்லைய ஒட்டி வூடு. வாசப்பூரா புளி கொட்டி, வூட்டு சனங்க கட்டையால தட்டி ஓடு நீக்கிக்கினு இருந்தாங்க. வைத்தியருக்கு அறுவது வயசு இருக்கும், அவரும் கொட்டை எடுத்துக்கினு குந்தியிருந்தாரு. அமிர்தம் தட்ட அவரு முன்னாடி வெச்சி கீழ வுழுந்து கும்புட்டா.

"எந்த ஊரும்மா? இன்னா நோவு?"

"சங்கராபுரத்துப் பக்கம்ங்க. உங்க மருந்துதாங்க ஒண்ணற வருஷமா மூஞ்சிக்குப் போடறேன். நேர்ல வராம இருந்துட்டேன், மன்னிச்சிக்கணும்."

அவரு புளிக் கைய ஒதறிட்டு எங்க ரெண்டு பேரையும் மாறி மாறிப் பாத்தாரு.

"மூஞ்சிக்கா? நான் பாக்கறது மஞ்சக்காமாலைக்கும் எலும்பு முறிவுக்கும். மூஞ்சிக்கு எங்க அப்பன் காலத்துலயே மருந்து கெடையாதே."

"இல்லீங்க, என் தம்பி வந்து வாங்கினு வருவான். ஒல்லியா, கண்ணாடி போட்டுக்கினு..."

"மருந்துக்கடைத் தம்பியா? வருவாப்ல. தேனு வாங்குவாப்ல, கடுக்கா வாங்குவாப்ல. மருந்து நான் குடுத்ததில்லையே. நோவுக்காரங்க நேர்ல வந்து கை நீட்டுனாத்தான் நான் குடுக்கறது. மாத்தாளு கையில குடுக்கறது எங்க வழக்கத்துலயே இல்லம்மா. அந்தத் தம்பிக்கும் அது தெரியும், சொல்லியிருக்கேன்."

அமிர்தம் இடுப்புலருந்து டப்பாவ எடுத்து நீட்டுனா. அவரு வெரல்ல தொட்டு மோந்தாரு, தேச்சிப் பாத்தாரு.

"வாசனைக்குக் கற்பூரம். நெறத்துக்கு ஏதோ எலைச்சாறு. அடியில இருக்கறது கடைச் சரக்கு. எம்மா, இதுல மலை ஒண்ணும் இல்ல."

தட்ட அவரு வாங்கல. மருந்து குடுக்காம வெத்தலபாக்கு வாங்கறது தப்புன்னுட்டாரு. அவரு சம்சாரம் சாமைக் கஞ்சி குடுத்தாங்க. நான் குடிச்சேன். இவ சொம்பக் கையில வெச்சிக்கினே இருந்துட்டு அப்பிடியே திருப்பிக் குடுத்துட்டா.

பஸ்ஸுல மலைய வுட்டு எறங்கச்சே, "வேற வைத்தியரா இருக்கும்க்கா. இவன் பேர மாத்திச் சொல்லியிருப்பான்"ன்னா. நான் வாயே தொறக்கல. எனக்கு அது எவ்ளோ கஷ்டம்னு என்னைத் தெரிஞ்சவங்களுக்குத் தெரியும்.

சங்கராபுரத்துல எறங்கி நேரா சிவசங்கர் வூட்டுக்குப் போனோம். அவன் கடைக்குப் போயிருந்தான். அவன் பொண்டாட்டி சுபஸ்ரீ அவரைக்கா நறுக்கிக்கினு இருந்தா. அஞ்சு வயசுப் பொண்ணு பக்கத்துல பலகையில எழுதிக்கினு இருந்திச்சி. சுபஸ்ரீ நல்ல பொண்ணு, கள்ளம் கபடு தெரியாதவ. தண்ணி கொண்டாந்து குடுத்தவ டப்பாவப் பாத்துட்டா.

"அய்யோ அண்ணி, இதயா இன்னும் போடறீங்க? வேணாம் அண்ணி!"

"ஏம்மா?"

"போன ஆடியில நான் இவர் பையிலருந்து ஒரு டப்பா எடுத்துப் போட்டேன். நாலு நாளுதான் போட்டேன். பாத்துட்டாரு. கையிலருந்து புடுங்கிச் சாக்கடையில வீசிட்டு அப்பிடி ஒரு திட்டு! 'மூஞ்சியே போயிடும்டி, தெரியுமா?'ன்னாரு. உங்ககிட்ட சொல்லலியா?"

சொல்லிட்டுத்தான் அவளுக்கு ஒறைச்சிது. அரிவாமனைய வுட்டுட்டு எழுந்து நின்னுட்டா. அமிர்தம் ஒண்ணும் கத்தல. "ஆடியிலயா?"ன்னு மட்டும் கேட்டா. ஆடி, ஆவணி, பொரட்டாசின்னு வெரல மடக்கிக்கினே போயி பங்குனியில நிறுத்துனா. ஒம்போது மாசம்.

அஞ்சு மணிக்கு டிபனுக்கு வந்தான் சிவசங்கர். எங்களப் பாத்ததும் செருப்பக் கழட்ட மறந்து உள்ள வந்துட்டான்.

"மலைக்குப் போயிட்டு வரேன்டா"ன்னா அமிர்தம்.

அவன் செவுத்துல சாஞ்சிக்கினு கீழ குந்திட்டான்.

"இது இன்னாடா?"

"டியூப்பு மருந்துக்கா. பிதுக்கி டப்பாவுல போட்டுக் குடுத்தேன். இங்கிலீஷ் மருந்துன்னா நீ தொட மாட்டியேன்னுதான் மலைன்னு சொன்னேன். ஒரு மாசம் போட்டு மங்கு போனதும் நிறுத்திடலாம்னு நெனச்சேன்."

"அப்பறம்?"

"நீ சந்தோசமா இருந்த. இன்னொரு டப்பா கேட்ட."

"செவக்க ஆரம்பிச்சப்போ தெரிஞ்சிதா?"

"அதுக்கு முன்னாடியே தெரியும்."

"தெரிஞ்சா குடுத்த?"

"நிறுத்துனா மூஞ்சி இன்னும் ரணமாவும்க்கா. ஏன்டான்னு நீ என்னைத்தான் கேப்ப. கொஞ்சம் கொஞ்சமா கொறைச்சிடலாம்னு..."

"பொண்டாட்டி கையிலருந்து புடுங்கிச் சாக்கடையில போட்டியே, அன்னிக்கி என்னை நெனச்சியாடா?"

அப்பத்தான் கால்ல கெடந்த செருப்பக் கழட்டி ஓரமா வெச்சான். அப்பறம், "நெனச்சேன்க்கா"ன்னான்.

"நெனச்சி?"

நெனைக்கவே இல்லன்னு சொல்லியிருந்தாக் கூட இவ மனசு தாங்கியிருக்கும். நம்ப வெச்சிக் கழுத்தறுத்துட்டியேடா பாவின்னு நான்தான் கத்துனேன். பக்கத்து வூட்டுக்காரிக்கு இன்னா பேச்சுன்னு அவன் என்னைக் கேட்டிருக்கலாம், கேக்கல. எழுந்து வந்து அக்கா கையப் புடிச்சிக்கினான்.

"அக்கா, ஆஸ்பத்திரிக்குப் போ. நான் தடுக்கல. ஆனா யாரு குடுத்ததுன்னு கேப்பாங்க. என் பேரச் சொல்லிடாத. ஏதோ பேன்சி ஸ்டோர்ல வாங்குனேன்னு சொல்லிடு. டாக்டர் சீட்டு இல்லாம குடுத்தது தெரிஞ்சா என் வேலை போயிடும்க்கா."

"என் வேலை?"ன்னா அமிர்தம்.

வெத்தலபாக்குத் தட்ட அங்கயே வெச்சிட்டு எழுந்து வந்துட்டோம்.

திங்கக்கெழம காலையில கள்ளக்குறிச்சி பெரியாஸ்பத்திரியில சீட்டு வாங்கி வரிசையில நின்னோம். தோல் டாக்டரம்மா சின்ன வயசு. மூஞ்சிய வெளிச்சத்துல திருப்பித் திருப்பிப் பாத்தாங்க, வெட்டவும் இல்ல, குத்தவும் இல்ல. டப்பாவத் தொறந்து பாத்ததும் பெருமூச்சு வுட்டாங்க. "வாரத்துக்குப் பத்து பேரு இந்த மாதிரி வராங்கம்மா"ன்னாங்க. இது ஸ்டீராய்டு களிம்பு, இத வுடணும், வுட்டதும் முன்னவிட மோசமாவும், பயந்துக்கினு மறுபடி போடக்கூடாது, தேற மாசக்கணக்குல ஆவும், வருஷம் கூட ஆவலாம்னு பொறுமையா சொன்னாங்க. எரிச்சலுக்குத் தண்ணித்துணி, வெயிலுக்குக் குடை, அடுப்பாண்ட ஆளு மாத்தி மாத்தி நிக்கணும். கடையில எதையும் வாங்கிப் பூசக்கூடாது. அவளுக்கு ஒத்துக்கற மாத்திரை இங்கயே சும்மா குடுப்பாங்க. ஒரு வருஷமா நாங்க தேடித் திரிஞ்ச செலவில்லாத வைத்தியம் இவ்ளோதான். ஒட்டுவாரொட்டி இல்லன்னு கையெழுத்துப் போட்டு முத்திரையும் குத்திக் குடுத்தாங்க.

"சரி, இத யாரு குடுத்தது?"

நான் அமிர்தத்தப் பாத்தேன். அவ தாளப் பத்திரமா மடிச்சிக்கினு இருந்தா.

"என் கூடப் பொறந்தவன். பேரு சிவசங்கரு. மருந்துக்கடையில இருக்கான்"னா. கடை எங்க இருக்குதுன்னும் சொன்னா. டாக்டரம்மா எழுதிக்கினாங்க. வெளிய வந்து வேப்பமரத்தடியில குந்தி, வயித்துல அடிச்சிக்கினு அழுதா பாருங்க, செத்த வூட்ல கூட அவ அப்பிடி அழுது நான் பாத்ததில்ல.

பெரிய டீச்சரு தாளப் படிச்சிட்டு அத அலுவலக ரூம்பு செவுத்துல ஒட்டி வெச்சாங்க. அமிர்தம் மறுபடி அடுப்பாண்ட வந்துட்டா. ஆனா டாக்டரம்மா சொன்னது அப்பிடியே நடந்திச்சி. பத்தாவது நாளு மூஞ்சி வீங்கி, தண்ணி வடிஞ்சி, தோலு தோலா உரிஞ்சிது. தூங்க முடியல. நான் அடுப்பப் பாத்துக்கினேன், அவ நெழல்ல குந்தி காய் நறுக்குனா, அரிசி களைஞ்சா. முந்தானைய மட்டும் மூஞ்சி மேல போடல. "அதான் தாளு ஒட்டியிருக்கில்ல, பாத்துட்டுப் போவட்டும்"ன்னா. டப்பா கட்டிக்கினு வந்த பதினாலுல ஒம்போது புள்ளைங்க மறுபடி எங்க வரிசைக்கு வந்திச்சிங்க. மீதிய நான் மொறைச்சிக்கினு இருக்கேன்.

ஒரு ஞாயித்துக்கெழம மத்தியானம் சிவசங்கர் பொண்டாட்டி புள்ளையோட வந்தான். எளைச்சிப்போயிருந்தான். கடைக்கு ஆபீசருங்க வந்து விசாரிச்சாங்களாம், மொதலாளி இவன வரவேணாம்னு நிறுத்தி வெச்சிருக்காராம். அதப் பத்தி அவன் பேசல, சுபஸ்ரீதான் மெதுவா என்கிட்ட சொன்னா. அமிர்தம் வெளிய கொடியில துணி காயப்போட்டுக்கினு இருந்தா. வாங்கன்னும் சொல்லல, போங்கன்னும் சொல்லல.

அவன் பையிலருந்து ஒரு டியூப்பு எடுத்தான். புதுசு, அட்டையோட.

"அக்கா, இது வெறும் வழவழப்புக்குப் போடறது. தோலு காயாம இருக்கும். டாக்டருங்களே எழுதற மருந்து. இதுல ஒரு தப்பும் இல்ல, எம்பொண்ணு மேல சத்தியமா. எரிச்சல் கேக்கும், போட்டுக்க."

"பொண்ணு மேல சத்தியமா?"

"ஆமாக்கா."

"அப்பிடின்னா உன் பொண்ணு கன்னத்துல ரவ போட்டுக் காட்டு. அப்பறம் நான் போட்டுக்கறேன்."

அவன் மூஞ்சியில ஒரு தெளிவு வந்திச்சி. இவ்ளோதானா அக்கா கேக்கறான்னு நெனச்சிருப்பான். மருந்து நல்ல மருந்துதான், இப்பவும் நான் அத நம்பறேன். அவசர அவசரமா மூடியத் திருவி வெள்ளையா வெரல்ல பிதுக்கிக்கினு, "இங்க வாடா கண்ணு"ன்னு பொண்ணக் கூப்ட்டான். அதுவும் ஓடியாந்து மூஞ்சிய நீட்டிச்சி.

சுபஸ்ரீ சட்டுன்னு புள்ளையோட தோளப் புடிச்சிப் பின்னாடி இழுத்துக்கினா.

"வேணாங்க."

"நல்ல மருந்துதான்டி. உனக்குத் தெரியாதா?"

"தெரியுங்க. இருந்தாலும் புள்ளைக்கு வேணாம்."

அவ கொரல ஒசத்திக்கூடப் பேசல. புள்ளையத் தூக்கி இடுப்புல வெச்சிக்கினு தெருப்பக்கம் போயி நின்னுக்கினா. அமிர்தம் தம்பியப் பாக்காம அடுத்த துணிய எடுத்து ஒதறுனா. அவன் வெரல்ல இருந்த மருந்த எங்க தொடைக்கிறதுன்னு தெரியாம அங்கயே நின்னுக்கினு இருந்தான்.